‘ஐ5, 16, 512’ என்று ஒரே வரியில் கொட்டேஷன் கேட்கும் கம்பெனிகளுக்கு

திருப்பூர் ஏற்றுமதி நிறுவன ஓனர்களுக்கும், மெர்ச்சண்டைசிங் மேனேஜர்களுக்கும், பர்ச்சேஸ் பார்ப்பவர்களுக்கும்,



லேப்டாப் வாங்க நீங்கள் அனுப்பும் என்கொயரி பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, 14 இன்ச், 10 பீஸ்.’ மூன்று கடைக்குப் போகும், மூன்று விலை வரும், குறைந்ததற்கு பிஓ போடுவீர்கள். ஒரு பையர் உங்களுக்கு ‘காட்டன் டி-ஷர்ட், ரவுண்ட் நெக், நேவி, 10,000 பீஸ்’ என்று மட்டும் எழுதி விலை கேட்டால் காஸ்டிங் ஷீட்டைத் திறப்பீர்களா? என்ன கவுண்ட், கோம்ப்டா கார்டடா, ஜிஎஸ்எம் எவ்வளவு, ஷ்ரிங்கேஜ் எத்தனை சதவீதம் வரை ஒத்துக்கொள்வார்கள் என்று பத்துக் கேள்வி கேட்டு மெயில் போடுவீர்கள். அறுபது, எழுபதாயிரம் கொடுத்து வாங்கி நாலைந்து வருஷம் ஓட்டப்போகும் மெஷினுக்கு ஒரு கேள்விகூட இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது. இன்டெல் சிப் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தையதை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. ஆகவே 2017-க்கு முன் வாங்கிய மெஷின்கள் எல்லாம் மாற்றும் வரிசையில் நிற்கின்றன. அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட பிறகு, எந்தச் செலவுக்கும் கையெழுத்து சுலபமாக விழாமல் போனது. போதாக்குறைக்கு, ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ராம் விலை ஏறியது. மைக்ரான் தன் க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. மாற்றியே ஆக வேண்டும், பணமோ இறுக்கம், விலையோ ஏற்றம் என்ற நேரத்தில் ஒரே வரி என்கொயரி கட்டுப்படியாகாது.

முதலில் அந்த மெஷினில் உட்காரப்போவது யார் என்று பாருங்கள். மெர்ச்சண்டைசரின் திரையில் காலை பத்து மணிக்கு என்னென்ன திறந்திருக்கும்? ஐந்தாறு வருஷத்து மெயிலோடு அவுட்லுக், டைம் அண்ட் ஆக்‌ஷன் எக்செல், க்ரோமில் இரண்டு மூன்று பையர் போர்ட்டல், டெக் பேக் பிடிஎஃப், கம்பெனி இஆர்பி, அதோடு வாட்ஸ்ஆப் வெப். சாயப்பட்டறையிலிருந்தும் பிரிண்டிங்கிலிருந்தும் போட்டோ வந்துகொண்டே இருக்கும். இதில் எதுவும் தனியாக சிப்பைத் திணற வைக்கும் வேலை இல்லை. எல்லாம் சேர்ந்து மெமரியைத்தான் தின்னும். எனவே 16 ஜிபியில் சமரசம் வேண்டாம். ஆனால் அந்த 16 போர்டிலேயே பற்றவைத்ததா, ஸ்லாட்டில் செருகியதா என்று கேளுங்கள். ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால் விலை இறங்கும் காலத்தில் கூட்டிக்கொள்ளலாம். இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் மெமரி சிப்போடு ஒட்டியே வருகிறது. வாங்கிய அன்று எத்தனையோ, கடைசிவரை அத்தனைதான்.

சிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அவ்வளவுதான். ‘கோர் 5 120யூ’ என்று புதுப்பெயரில் வருவது உள்ளே 13-ஆம் தலைமுறைச் சரக்கு. ரைசன் 7530யூ என்று ஏழாயிரம் வரிசைப் பெயரில் வருவது இரண்டு தலைமுறை பழைய ஜென் 3. இரண்டுமே உங்கள் எக்செலுக்குப் போதும், ஆனால் பழைய சரக்குக்குப் பழைய விலைதான் கொடுக்க வேண்டும். ‘கோபைலட் பிளஸ்’ ஸ்டிக்கருக்கு இப்போதைக்கு நம் ஊர் மெர்ச்சண்டைசிங் டேபிளில் வேலை இல்லை என்பது என் அபிப்பிராயம். அந்தக் காசைத் திரையில் போடுங்கள். திரைக்குப் பிறகு வருகிறேன், அதற்கு முன் பஞ்சு.

ஆபீஸ் ஏசிக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்பீர்கள். மெர்ச்சண்டைசர் அங்கேயா இருக்கிறார்? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கட்டிங்குக்குப் போகிறார், செக்கிங் டேபிளில் விரிக்கிறார், துணி ரோலின் மேலேயே வைத்து பேக்கிங் லிஸ்ட் அடிக்கிறார். முக்கால்வாசி மாடல்களில் ஃபேன் காற்றை அடிப்பக்கத் துளை வழியாகத்தான் உறிஞ்சுகிறது. ஃப்ளோரில் ஓடிய ஒரு மெஷினின் பின்மூடியைக் கழற்றினால், ஃபேனுக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும் மெல்லிய தகடுகளுக்கும் நடுவில் ஒரு பஞ்சுப் பட்டை இருக்கும். சாமணத்தால் நுனியைப் பிடித்து இழுத்தால் கிழியாமல் முழு நீளத்துக்கு வரும். நேவி ஓடிய சீசன் என்றால் நீலம், கிரே மெலாஞ் ஓடியிருந்தால் சாம்பல். நிறத்தைப் பார்த்தே எந்த ஆர்டரின்போது மெஷின் மந்தமானது என்று சொல்லிவிடலாம்.

காற்று வெளியே போகாவிட்டால் சிப் 100 டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். எக்செல் திணறும். ‘சிஸ்டம் பழசாயிடுச்சுங்க சார், மாத்திக் குடுங்க’ என்று மெயில் வரும். மெஷினில் ஒரு குறையும் இருக்காது. ஆகவே நம் ஊரில் லேப்டாப்பை மதிப்பிடும்போது முதல் கேள்வி: பின்மூடி சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழலுமா, ஃபேனைச் சுத்தம் செய்ய போர்டையே தூக்க வேண்டுமா? லெனோவோ திங்க்பேட், எச்பி ப்ரோபுக், டெல் லேட்டிட்யூட் (2025 முதல் அதற்கு ‘டெல் ப்ரோ’ என்று பெயர்) போன்ற அலுவலக வரிசைகளுக்குப் பிரித்துப் பூட்டும் முறையைப் படத்தோடு விளக்கும் சர்வீஸ் மேனுவலை நிறுவனங்களே வெளியிடுகின்றன. வாங்கும் முன் அதில் ஃபேன் கழற்றும் பக்கத்தைப் பாருங்கள். அடுத்து, ‘யூ’ வரிசைச் சிப்பின் அடிப்படை மின்சாரம் 15 வாட். ‘எச்’ வரிசைக்கு அதைவிட அதிகம், 45 வாட் வரை. சூடு அதிகம் என்றால் ஃபேன் அதிகம் சுற்றும், பஞ்சும் அதிகம் போகும். கேட்பதற்கு ‘எச்’ கெத்தாக இருக்கும், இந்த வேலைக்கு ‘யூ’ போதும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஃப்ளோரில் மெஷின் துடைக்க வைத்திருக்கும் ஏர் கன்னை லேப்டாப் துளையில் வைத்து அடிக்கிற பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் காற்றில் தண்ணீர் வரும், எண்ணெய் வரும். காற்று வேகத்தில் ஃபேன் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போகும். மூடியைக் கழற்றி, ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, சின்ன ப்ளோயரால் ஊத வேண்டும். சீசனுக்கு ஒரு தடவை செய்தால் போதும்.

திரைதான் நம் தொழிலுக்கு முக்கியம், கொட்டேஷனில் இல்லாததும் அதுவே. இந்த விலையில் வரும் அலுவலக லேப்டாப்புகளில் அடிமட்டத் திரை ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று ஸ்பெக் ஷீட்டின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். இணையத்திலும் சாதாரண ஆர்ட்ஒர்க்கிலும் புழங்கும் எஸ்ஆர்ஜிபி நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது காட்டும். பையருடைய டிசைனர் அங்கே மேக் திரையில் பளிச்சென்ற சிவப்பைப் போட்டு ஆர்ட்ஒர்க் அனுப்புகிறார். இங்கே உங்கள் மெர்ச்சண்டைசருக்கு அது செங்கல் வாடையடிக்கும் மங்கல் சிவப்பாகத் தெரிகிறது. பிரிண்டிங் யூனிட்டிலிருந்து வந்த ஸ்ட்ரைக்-ஆஃப் போட்டோவும் அதே திரையில் அதே மங்கலாகத் தெரிவதால் இரண்டும் பொருந்துகிற மாதிரி இருக்கும். ‘மேட்ச் ஆகுதுங்க, போட்டு விடலாம்’ என்று வாட்ஸ்ஆப்பில் போய்விடும். ராத்திரி நேரம் என்றால் விண்டோஸின் ‘நைட் லைட்’ வேறு தானாக ஆன் ஆகி, வெள்ளையை ஐவரி ஆக்கியிருக்கும்.

லேப் டிப்பைத் திரையில் பார்த்து யாரும் அப்ரூவ் செய்யக் கூடாது, அது தெரிந்ததுதான். பான்டோன் காட்டன் ஸ்வாட்ச், லைட் பாக்ஸ், டி65, பையர் கடை விளக்கு எதுவோ அந்த டிஎல்84. ஒரு விளக்கில் பொருந்தி இன்னொன்றில் பிரியும் ஷேடைக் கண்ணால்தான் பிடிக்க முடியும். எவ்வளவு நல்ல திரையும் அந்த வேலையைச் செய்யாது. ஆனால் நடைமுறை உங்களுக்குத் தெரியாததா? ஒரு நாளில் மெர்ச்சண்டைசர் எடுக்கும் நிற முடிவுகளில் பாதி லைட் பாக்ஸ் வரை போவதில்லை. பிரிண்டில் எந்த நிறம் அடியில், எந்த எழுத்தில் டோன் மாறியிருக்கிறது, ட்ரிம் கார்டில் பட்டன் ஷேடு சரியா என்பதெல்லாம் திரையிலேயே முடிகிறது. அதனால் ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’, குறைந்தது 300 நிட்ஸ் வெளிச்சம், மேட் பூச்சு என்று பிஓவில் எழுதுங்கள். அதே மாடலில் இந்தத் திரைக்குச் சில ஆயிரம் கூடும். ஒரே ஒரு பிரிண்ட் லாட் ரிஜெக்ட் ஆனால் என்ன போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

திரையின் உயரத்தையும் பாருங்கள். 1920-க்கு 1080 என்பதைவிட 1920-க்கு 1200 எடுத்தால் எக்செலில் ஐந்தாறு வரி கூடுதலாகத் தெரியும். ஸ்டைல் வாரியாக, சைஸ் வாரியாக நீளும் ஷீட்டில் அது பெரிய வித்தியாசம். அக்கவுண்ட்ஸ் டேபிளுக்கு வேறு நியாயம்: அங்கே டேலியில் நாள் முழுக்க எண் தட்டுபவருக்கு நம்பர் பேட் இல்லாத 14 இன்ச்சைக் கொடுத்துவிட்டுத் தனியாக ஒரு கீபோர்டு வாங்கித் தருவதில் அர்த்தமில்லை. அவர் எங்கும் தூக்கிக்கொண்டு போவதும் இல்லை. 15.6 அல்லது 16 இன்ச் கொடுங்கள். எல்லோருக்கும் ஒரே மாடல் என்று ஆர்டர் போடுவது பர்ச்சேஸுக்கு வசதி, உட்காருபவருக்கு அல்ல.

மெலிசாக இருந்தால் ஓனருக்குப் பிடிக்கும். மெலிந்ததில் முதலில் காணாமல் போவது போர்ட்டுகள். டிஎஸ்சி டோக்கன் பழைய அகல யுஎஸ்பியில்தான் வருகிறது. ஐஸ்கேட், டிஜிஎஃப்டி, ஜிஎஸ்டி எல்லாவற்றுக்கும் அது வேண்டும். மார்க்கர் போடும் கேட் சாஃப்ட்வேரின் டாங்கிள், பார்கோடு ஸ்கேனர் எல்லாம் அதே யுஎஸ்பி. ஷிப்பிங் பில் போடும் நேரத்தில் ஒரு கன்வெர்ட்டரைத் தேடி ஆபீஸே அலையும் காட்சி பல இடங்களில் உண்டு. அகல யுஎஸ்பி இரண்டு, எச்டிஎம்ஐ ஒன்று, நெட் ஒயர் செருகும் ஆர்ஜே45 ஒன்று என்று கேட்டு வாங்குங்கள். தகர ஷெட்டுக்குள் வைஃபை எப்படி இருக்கும் என்பது தெரிந்ததே. சார்ஜர் மட்டும் புது யுஎஸ்பி-சி வகையாக, 65 வாட் இருக்கட்டும். எல்லா மெஷினுக்கும் ஒரே சார்ஜர் ஆகிவிடும்.

சார்ஜர் என்றதும் எர்த் ஞாபகம் வருகிறது. லேப்டாப்பின் மெட்டல் மேல் உள்ளங்கை வைத்தால் சுருசுருவென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் லேப்டாப்பைத் திட்டாமல் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். மூன்று பின் சார்ஜரை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் செருகியிருப்பார்கள், அல்லது சாக்கெட்டில் எர்த்தே வந்திருக்காது.

பேட்டரியில் ‘12 மணி நேரம்’ என்ற விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், வாட்-ஹவர் பாருங்கள். 45 சுற்றி இருப்பது சாதாரணம், 55-க்கு மேல் நல்லது. மெர்ச்சண்டைசரின் மெஷின் பகல் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கும். அப்படிக் கிடந்தால் பேட்டரி சீக்கிரம் நைந்து, சில சமயம் உப்பவும் செய்யும். டச்பேட் திடீரென்று அமுங்காமல் விறைத்தாலோ, மூடி ஓரம் தூக்கினாலோ உடனே நிறுத்திவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி பெரும்பாலான அலுவலக மாடல்களில் இருக்கிறது. வந்த அன்றே அதை செட் செய்யச் சொல்லுங்கள், யாரும் செய்வதில்லை.

‘மிலிட்டரி கிரேடு’ என்ற ஸ்டிக்கரைப் பற்றி ஒரு வார்த்தை. எம்ஐஎல்-எஸ்டிடி-810எச் என்பது அமெரிக்க ராணுவத்தின் பரிசோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எந்தச் சோதனையைச் செய்வது என்று தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அமெரிக்க ராணுவம் யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. ஓகோ-டெக்ஸ் மாதிரி லேப் ரிப்போர்ட்டோடு வரும் சான்று என்று நினைத்துவிடாதீர்கள். அதைவிட, டீ கொட்டினால் கீழே வடிந்துபோகத் துளை வைத்த கீபோர்டா என்று கேட்பது நமக்கு உபயோகம்.

வாரன்டியில்தான் இந்த ஊருக்கு அடி அதிகம். லெனோவோவுக்குப் புதுச்சேரியில் ஆலை, டெல்லுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஆலை. இருந்தும் போர்டு போனால் மெஷினைக் கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காத்திருப்பவர்கள் நம்மவர்கள் பலர். ‘மூன்று வருஷ வாரன்டி’ என்பது கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும் வாரன்டியா, ஆள் வரும் ஆன்சைட் வாரன்டியா? அடுத்த வேலை நாளில் வருவார்கள் என்றால் எந்தப் பின்கோடு வரை? திருப்பூர் 641601-க்கு வருபவர் பல்லடம் தாண்டியோ பெருமாநல்லூர் தாண்டியோ இருக்கும் உங்கள் யூனிட்டுக்கு வருவாரா? எழுத்தில் வாங்குங்கள். மெஷினுக்கு மூன்று வருஷம் இருந்தாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம்தான்.

பில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘பில் வேண்டாம்னா 18 சதவீதம் குறைச்சுக்கலாங்க’ என்று சொல்லும் கடையை விடுங்கள். கம்பெனி ஜிஎஸ்டி எண்ணோடு இன்வாய்ஸ் இருந்தால் அந்த வரி கிரெடிட்டாக வரும், வாரன்டியும் கம்பெனி பெயரில் நிற்கும். ஒரு சங்கதி மட்டும் கவனம்: எல்யூடியில் ஏற்றுமதி செய்பவர்கள் தேங்கிய கிரெடிட்டை ரீஃபண்ட் கேட்கும்போது மூலதனப் பொருளின் கிரெடிட் அந்தக் கணக்கில் சேராது. அதை எந்த வழியில் பயன்படுத்துவது என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசுங்கள். விண்டோஸ் ஒரிஜினலா, ‘ப்ரோ’வா என்பதும் இன்வாய்ஸிலேயே இருக்கட்டும். பையருடைய ஆர்ட்ஒர்க்கும் உங்கள் பேங்க் விவரமும் இருக்கும் மெஷின் பஸ்ஸில் தொலைந்தால் டிஸ்க் பூட்டியிருக்க வேண்டும். அதற்கான பிட்லாக்கரை முழுதாக நிர்வகிக்க ‘ப்ரோ’ வேண்டும்.

இனி, நான் உங்களிடம் உண்மையில் கேட்பது. பல்க் போடும் முன் ஒரு பீஸ் வாங்குங்கள். நீங்கள் பிபி சாம்பிள் இல்லாமல் கட்டிங் போடுவதில்லையே. அந்த ஒரு பீஸை ஓனர் ரூமில் வைக்காதீர்கள். இருப்பதிலேயே அதிக பையர் பார்க்கும், வாய் துடுக்கான மெர்ச்சண்டைசரிடம் கொடுங்கள். ஒரு ஷிப்மென்ட் முடியும்வரை அவர் ஓட்டட்டும். கட்டிங் டேபிளில் வைக்கட்டும், மதியம் ஏசி இல்லாத ஷெட்டில் வீடியோ கால் போடட்டும், டோக்கன் செருகி ஷிப்பிங் பில் போடட்டும். பிறகு மூடியைக் கழற்றி உள்ளே எவ்வளவு பஞ்சு என்று பாருங்கள். விண்டோஸே தரும் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்து, புதிதாக வந்தபோது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று ஒப்பிடுங்கள்.

சரி என்றால் சீல் செய்யுங்கள். எதை சீல் செய்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுவோம். ‘திங்க்பேட் ஈ14’ என்பது ஸ்டைல் பெயர் மாதிரி. அதே பெயரில் திரை வேறு, மெமரி அமைப்பு வேறு, பேட்டரி வேறு என்று பல சரக்குகள் வரும். உங்கள் சாம்பிளில் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி திரை இருந்திருக்கும், பல்க்கில் 45 சதவீதம் வந்து இறங்கும், கடைக்காரர் ‘அதே மாடல்தானுங்க’ என்பார். பொய்யும் இல்லை. அடியில் ஒட்டியிருக்கும் முழு பார்ட் நம்பரை பிஓவில் எழுதினால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சரக்கு வந்ததும் நாலு பீஸை எடுத்து, டிவைஸ் மேனேஜரில் மானிட்டரின் ஹார்டுவேர் ஐடியைப் பார்த்தால் எந்தக் கம்பெனி திரை என்று தெரிந்துவிடும். சாம்பிளோடு ஒப்பிடுங்கள். நாலு பீஸுக்கு ஏக்யூஎல் எல்லாம் வேண்டாம், ஒன்று மாறியிருந்தாலும் லாட்டைத் திருப்புங்கள்.

எல்லா நாற்காலிக்கும் புதுசு வேண்டியதில்லை. பெங்களூரு, சென்னை ஐடி கம்பெனிகளின் லீஸ் முடிந்து வரும் திங்க்பேட் டி480, லேட்டிட்யூட் 7490 எட்டாம் தலைமுறைச் சிப்போடு விண்டோஸ் 11 ஏற்கும். ஸ்டோர்ஸுக்கும் கேட் என்ட்ரிக்கும் அது தாராளம். மட்டமான புது மெஷினைவிட அதன் கீபோர்டும் கட்டுமானமும் உசத்தி. பேட்டரி மட்டும் புதிதாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

பத்து, இருபது வாங்கும் கம்பெனிக்கு இதெல்லாம் சாத்தியம். இரண்டு மூன்று மெஷின் வாங்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு எந்தக் கடை பார்ட் நம்பர் பேச்சைக் கேட்கும்? சாயத் தண்ணீருக்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் சேர்ந்து கட்டிய ஊர் இது. ஏற்றுமதியாளர் சங்கமோ சைமாவோ உறுப்பினர்களிடம் தேவையைத் திரட்டி, வருஷத்துக்கு இரண்டு பார்ட் நம்பர், மெர்ச்சண்டைசருக்கு ஒன்று, அக்கவுண்ட்ஸுக்கு ஒன்று என்று முடிவு செய்து ரேட் பேசலாம். விலை எவ்வளவு குறையும் என்பதுகூட எனக்குப் பெரிதில்லை. ஊர் முழுக்க ஒரே மாடல் ஓடினால் அதன் பேட்டரியும் கீபோர்டும் ஃபேனும் அவிநாசி ரோட்டுக் கடையிலேயே ஸ்டாக் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் மெஷின் நின்றால் கண்டெய்னர் கிளம்பும் முன் சரி செய்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் கம்பெனிகளுக்கு சிஸ்டம் பார்த்துக் கொடுப்பவர்களில் ஒருவன்